முடியாது வேறு, மாட்டேன் வேறு

அந்தப் படத்தை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. வேற்று மொழிப் படம். நம் மொழிக்கு வசனம் எழுதியவன் நான், நாயகிக்குக் குரல் கொடுத்தவர் அலறல் அக்கா. பேயோ, தீயோ, கார் விபத்தோ, எந்தப் படத்தில் எந்தப் பெண் கத்தினாலும் அது அக்காவின் தொண்டைதான். சின்ன வயதில் அவருடைய அண்ணன் ஸ்டுடியோவுக்கு இழுத்து வந்து, "நல்லா கத்துவா, பாருங்க" என்று விட்டுப் போனாராம். பேசுவாளா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நாற்பதைத் தாண்டியும் குரல் மட்டும் பதினாறிலேயே நின்றுவிட்டதால் இந்த நாயகி வாய்ப்பு வந்தது.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லவே மாட்டார். வீடு மாற்ற ஒத்தாசைக்கு அண்ணன் கூப்பிட்டால், "முடியாதுண்ணா, இடுப்பு வலி." லீவு நாளில் ரெக்கார்டிங் என்றால், "முடியாது சார், தொண்டை கட்டியிருக்கு." பாவம், அந்த இடுப்பும் தொண்டையும் எத்தனை பொய்க்கு ஈடு கொடுத்திருக்கும்.

படத்தில் ஒரு நகரம். பதினாறு வயதான பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சாகும்வரை யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்று ஒலிபெருக்கி அறிவிக்கும். நாயகிக்குச் சுரங்கம். முதல் பாதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிதடி இல்லை, ரத்தம் இல்லை. அறிவிப்பு நாள் காலையில் அம்மாக்காரி மகளின் சட்டையை இஸ்திரி போடுகிறாள். தேய்த்த காலரையே மறுபடியும் தேய்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அதைப் பார்த்ததும் அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"இங்க வந்த அன்னிக்கு எங்கம்மாவும் இப்படித்தான் என் சட்டையத் தேச்சுக் குடுத்தாங்க" என்றார்.

இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசினால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வரும். எங்கிருந்தோ இரண்டு பையன்கள் வந்து குதிக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் இரண்டு பேருக்கும் முடி ஷாம்பு விளம்பரம் மாதிரி பறக்கிறது. சுரங்கத்தில் கிடக்கும் மற்ற பிள்ளைகளை இயக்குநர் மறந்தே போனார். இவள் யாரைக் கட்டிக்கொள்வாள் என்பதுதான் நாட்டுப் பிரச்சினை. வில்லனோ துப்பாக்கியை நீட்டிக்கொண்டு தன் திட்டத்தையெல்லாம் பாடம் நடத்துகிறான். சுட்டுத் தொலையேன்டா என்றிருக்கும். இவ்வளவு கழுத்தறுப்புக்குப் பிறகும் படத்தைக் காப்பாற்றுவது கடைசியில் வரும் ஒரே ஒரு சொல். நகரத் தலைவர், பிள்ளைகளுக்கு வேலை அறிவிக்கும் அந்த மைக்கை அவளிடம் நீட்டி, "இனிமே நீ அறிவி" என்கிறார். அதற்கு நான் எழுதிய பதில், "மாட்டேன்."

ரெக்கார்டிங் அன்று விநியோகஸ்தரின் மேனேஜர் வந்து உட்கார்ந்தார்.

"மாட்டேன்னா திமிரா இருக்குங்க. 'முடியாது'ன்னு கொஞ்சம் விம்மிச் சொல்லட்டும். தியேட்டரே அழுவும்."

"அவளுக்கு எல்லாம் முடியும் சார். செய்ய மாட்டேங்கறா. அதுதானே படமே" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே? உதடு கூட ஒட்டுது பாருங்க."

ஒட்டியது என்னவோ உண்மை. இரண்டுமே உதட்டை மூடித்தான் தொடங்குகின்றன. உதட்டை மட்டும் பார்க்கிற ஆளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். சரிதான், தொண்டைக்கட்டு வரப்போகிறது என்று நினைத்தேன். "எழுதியிருக்கறதத்தான் பேசுவேன் சார்" என்றார். பேசினார். கத்தவில்லை, அழவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போடுகிற மாதிரி ஒரு "மாட்டேன்." மேனேஜர், "உங்க இஷ்டம் மேடம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

படம் வந்ததும் அக்கா மகளை அழைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார், நானும் கூடப் போனேன். கத்தாமல் அம்மா பேசுகிற முதல் படம் என்று அந்தப் பெண் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. தலைவர் மைக்கை நீட்டினார். "முடியாது..." என்று விம்மியது அக்காவின் குரல்.

அக்கா அதை அங்கே பேசவே இல்லை. பாறைக்கடியில் சிக்கிய தோழியை இழுக்கத் தெம்பில்லாமல் நாயகி அழுகிற இடத்தில் பேசியது அது. அங்கிருந்து வெட்டி இங்கே ஒட்டியிருக்கிறார்கள், திருட்டுப் பசங்க. அவர் குரலை வைத்தே அவர் வாயை அடைத்துவிட்டார்கள். பக்கத்து வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு நாற்காலியைப் பிடுங்கித் திரையில் வீசலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "கடைசியில ஏம்மா அப்படிக் கெஞ்சுறா?"

"நான் அப்படிச் சொல்லலடி."

"உன் குரல்தானேம்மா?"

அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

படமோ ஓடித் தொலைத்தது. இரண்டாம் பாகத்துக்கும் அதே குரல் வேண்டுமே. மேனேஜர் அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டார். விஷயம் தெரிந்து நான் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று. மகள் ஓரமாக நின்று பள்ளிக்கூடச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இல்லாம அந்தப் பொண்ணு ஏது மேடம்?" என்றார் மேனேஜர்.

அக்கா தொண்டையைச் செருமினார்.

"உடம்பு சரியில்லையா? தேதிய வேணா தள்ளி வச்சுக்கலாம். இப்ப முடியாதா?"

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"முடியும்" என்றார் அக்கா. "மாட்டேன்."