ஸ்டொக் கார் ரேஸுக்குப் போனால் முன்வரிசையில இருக்காதேங்கோ

இண்டைக்கு நானும் அண்ணையும் முதல்முதலா ஸ்டொக் கார் ரேஸ் பார்க்கப் போனம். ஜெர்மனியில நாங்கள் இருக்கிற கொலோனில இருந்து ஒரு மணித்தியாலம். பழைய கார்களை ஆளையாள் இடிச்சு நொறுக்கிற, மண் தரையில ஓடுற போட்டி.

அண்ணை கம்பி வேலிக்குப் பக்கத்து வாங்கிலதான் இருப்பன் எண்டு அடம்பிடிச்சார். "கிட்ட இருந்து பார்த்தால்தான் பார்த்த மாதிரி."

மூண்டாவது சுற்றில ரெண்டு கார் சேர்ந்து ஒரு நீலக் காரைச் சுவரோட வைச்சு நெரிச்சுது. இரும்பு கிழியிற சத்தத்தில பல்லுக் கூசிச்சுது. சனம் எழும்பி "இன்னும் இடி!" எண்டு கத்திச்சுது. சொல்ல வெட்கம், நானும் கத்தினன்.

அப்ப பின்வரிசையில எனக்குப் பக்கத்தில இருந்த ஒரு ஜெர்மன் மனுசி அண்ணையின்ர கொலரைப் பிடிச்சுத் தன்ர பக்கம் இழுத்து விழுத்தினா. அண்ணை "கையை எடு!" எண்டு தமிழில உறுமி, அவவுக்கு அடிக்கக் கை ஓங்கிப்போட்டார்.

அந்த நேரம் நீலக் காரின்ர சில்லு டயரோட கழண்டு வேலிக்கு மேலால பறந்து வந்து, அண்ணை இருந்த வாங்கை ரெண்டாப் பிளந்துது.

அண்ணை ஓங்கின கையை இறக்கி, பிளந்த வாங்கைத் தொட்டுப் பார்த்தார். நான்தான் நன்றி சொன்னன்.

"அது என்ர மனுசன் ஓடுற கார். சில்லு ஆடினதைக் கண்டனான்" எண்டா அவ.

பிறகு வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. மனுசன் நெத்தியில ரத்தத்தோட ஜன்னலால வெளிய வந்து கையைக் காட்டினார். அதுக்குப் பிறகுதான் அவ அழுதா.

அண்ணை இப்ப அடுத்த ரேஸ் எப்ப எண்டு தேடிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஏலாது. அவரோட ஆர் போறியள்?