மாப்பிள்ளை ரூமும் என் முக்கோணமும்

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்ட உட்கார்ந்தால் முதலில் போடுவது மாப்பிள்ளை ரூம். மற்றதெல்லாம் மிச்சம் இருக்கிற இடத்தில். இந்த வழக்கத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. மாமியார் வீட்டு அடுப்படியில் போய் நிற்காமல் என் உம்மா வீட்டிலேயே ராணியாக இருந்தவள் நான். நன்றி கெட்டுப் பேசக் கூடாது. ஆனால் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்த பிறகு அந்த உம்மாக்காரி எங்கே படுப்பாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் கல்யாணத்தோடு என் உம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு அரிசி மூட்டை இருந்த அறைக்குப் போனார். ஊரே அதைப் பெருமையாகப் பேசியது. நானும் அன்றைக்குப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு துபாய்க்கு வந்தேன். தேராவில் என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய், குங்குமப்பூ விற்கும் கடை. நாங்கள் இருப்பது ஷேரிங் ஃப்ளாட். ஒரு அறையில் நான், இவர், மகள் என்று மூவர், மற்ற அறைகளில் வேறு குடும்பங்கள், சமையலறை பொது. நான் குளிக்க வேண்டுமானால் மூன்று வீட்டு ஆட்களின் டியூட்டி நேரத்தையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். குறை சொல்லவில்லை. பக்கத்து அறைக்காரிகள் தங்கமான மனுஷிகள். ஆனாலும் ஒரு பெண் தன் ஆயுசில் ஒரு கதவையாவது தன்னுடையது என்று சொல்ல வேண்டாமா?

அதனால் ஊரில் மனை வாங்கி, வீட்டுக்குப் பிளான் போடலாம் என்று இவர் சொன்ன அன்றே என் மனசுக்குள் எனக்கென்று ஒரு ரூம் கட்டி முடித்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், தையல் மிஷின் வைக்க ஒரு மூலை. ஊரில் இருக்கிற இஞ்சினியர் தம்பியிடம் நைசாக வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அந்தப் பிள்ளையும் மறுப்பு சொல்லாமல் தென்பக்கம் ஒரு சின்னக் கட்டம் போட்டு ‘உம்மா ரூம்’ என்று எழுதி அனுப்பிவிட்டான்.

இவர் அதை டைப்பிங் சென்டரில் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது சுருட்டிக் கொண்டுவந்தார். பிரியாணிச் சட்டியை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் விரித்தோம். மேற்குப் பக்கம் வரிசையாக மூன்று ரூம். வடக்கில் மாப்பிள்ளை ரூம். அதில் பந்து விளையாடலாம் என்று வாய்விட்டே சொன்னேன். நடுவில் தொழுகை ரூம். தெற்கில் என் கட்டம்.

“மாப்பிள்ளைக்குப் பால்கனி பத்தாதே,” என்றார் இவர்.

“எந்த மாப்பிள்ளைக்கு?” என்றேன். எங்கள் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “பிறந்துட்டாரா அவரு? அளவு எடுத்துட்டு வந்தீங்களா?”

“வாப்பா, ஐ ஆம் ஸ்டில் இன் ஸ்கூல்,” என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் காதில் எதுவும் விழவில்லை. தாளில் வடக்கு என்று அம்பு போட்டிருந்த பக்கத்தைத் திசை பார்த்துத் திருப்பி வைத்தார். பிறகு போனை எடுத்து, தொழும் திசையைக் காட்டும் கிப்லா ஆப்பைத் திறந்து தாளின் மேல் வைத்தார். பச்சை அம்பு இரண்டு சுற்று சுற்றி நின்றது. நேர் மேற்கில் நிற்கவில்லை. கொஞ்சம் தெற்கே சாய்ந்து நின்றது.

“பாத்தியா, பாத்தியா. சுவரு நேரா இருக்கு, கிப்லா சாய்வா இருக்கு. பாய் கோணலாக் கிடக்கும். எனக்கு மனசு ஒப்பாது. சுவரையே திருப்பிடுவோம்.”

அங்கேயே இஞ்சினியருக்குப் போன் போட்டார். அந்தத் தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நான் பாத்துட்டேன் தம்பி. மெக்காவுக்கு நாங்கதான் பக்கம். கலாஸ், முடிஞ்சுது,” என்று வைத்துவிட்டார்.

மறுநாளே புதுப் பிளான் வந்தது. தொழுகை ரூம் தெற்கே திரும்பி என் ரூமின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. மிச்சமிருந்தது ஒரு முக்கோணம். ‘உம்மா ரூம்’ என்ற எழுத்துக்கூட அதில் கொள்ளாது என்று நினைத்தானோ என்னவோ, ‘ஸ்டோர்’ என்று எழுதியிருந்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் யாரோடு சண்டை போடுவது? பால்கனியோடு போடலாம், மாப்பிள்ளையோடு போடலாம். தொழுகை ரூமோடு எந்த முஸ்லிம் பெண் சண்டை போட முடியும்? இவர் சரியான இடத்தில் என்னை மாட்டிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அப்ப நான் எங்கே இருக்கிறதாம்?” என்று கேட்டேன்.

“நமக்கென்ன, ஹால்ல பாயை விரிச்சாப் போச்சு. உனக்குத் தனி ரூமுக்கு இடம் மாஃபி.” கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் அறையில் பேச்சு வார்த்தை இல்லை. சோறு மட்டும் நேரத்துக்குப் போனது. என்ன கோபம் இருந்தாலும் அதில் நான் குறை வைப்பதில்லை. உம்மாவின் அரிசி மூட்டை அறை கண்ணிலேயே நின்றது. அவர் அங்கே கிடந்த காலமெல்லாம் ஒரு நாளாவது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே காற்று வருதா உம்மா என்று கேட்டிருப்பேனா? நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. பொதுச் சமையலறையில் வெங்காயத்தின் பேரைச் சொல்லி அழுதேன்.

அடுத்த வெள்ளி, இஞ்சினியர் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வீடியோ காலில் வந்தான். இவர் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, பிளான் தாளைத் தரையில் விரித்து, அரபி முதலாளி கணக்காகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நான் துணி மடிக்கிற சாக்கில் பின்னால் நின்றேன். ரோஷம் ஒரு பக்கம் இருந்தாலும் வீடு என் வீடாச்சே.

“இதுதான் தொழுகை ரூம் சுவரு காக்கா,” என்று இவரிடம் கோட்டைக் காட்டினான். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கோட்டுக்குப் பின்னால், அடுத்த தெருவில், எங்கள் மஹல்லா பள்ளிவாசலின் பக்கச் சுவர் நீளமாகத் தெரிந்தது. கோடு இடப்பக்கம் போனது. பள்ளிவாசல் வலப்பக்கம் போனது.

நான் துணியைக் கீழே போட்டேன். “தம்பி, போனை அசைக்காம பிடிங்க. ஏங்க, பள்ளி ஏன் அந்தப் பக்கம் திரும்பியிருக்கு?”

“எது?”

“நம்ம சுவரு ஒரு பக்கம் போகுது, பள்ளி வேற பக்கம் போகுது. காலங்காலமா ஊரே தப்பாத் தொழுதிருக்கா, இல்ல நீங்க தப்பா?”

மகள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். பிறகு அவள் வாப்பாவைப் பார்த்தாள். “வாப்பா, நீங்க எங்க வச்சு கிப்லா பாத்தீங்க?”

“இங்கதான். இந்தத் தரையிலதான்.”

“இது துபாய் வாப்பா. ஆப் துபாய்லேர்ந்து மெக்காவைக் காட்டுது. வீடு ஊர்ல இருக்கு. அங்கேர்ந்து பாத்தா மெக்கா வெஸ்ட்ல கொஞ்சம் நார்த் பக்கம் சாஞ்சு வரும்.”

“எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு காக்கா,” என்றான் இஞ்சினியர் மெதுவாக. “நீங்க மெக்காவுக்குப் பக்கம்னு சொன்னீங்க.”

முதலில் சிரித்தது மகள். அப்புறம் நான். ஒரு வாரக் கோபம் அத்தனையும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் சிரிப்பாக வந்தது. பக்கத்து அறைக்காரி என்னமோ ஏதோ என்று கதவைத் தட்டினாள். இவரும் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். அந்தக் குணத்துக்காகத்தான் இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு குப்பை கொட்டுகிறேன்.

சிரிப்பு அடங்கியதும் அவருக்கு விஷயம் உறைத்தது. சுவரைச் சரியான பக்கம் திருப்பினால் அது வடக்கே போகும். வடக்கே இருப்பது மாப்பிள்ளை ரூம்.

“அப்ப ஒண்ணு பண்ணுவோம்,” என்றார். “சுவரு நேராவே இருக்கட்டும். பாயைக் கொஞ்சம் சாய்வா விரிச்சுக்கலாம்.”

“பாய் கோணலாக் கிடந்தா மனசு ஒப்பாதுன்னு சொன்ன வாய் எங்கே போச்சு?”

“மாப்பிள்ளை மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“என் உம்மா உங்களுக்குக் குடுத்த மரியாதைதான். தன் ரூமைக் குடுத்துட்டு மூட்டையோட போய்ப் படுத்தாங்களே, அந்த மரியாதை.”

இவர் தரையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்,” என்றார். “அந்த ரூம் அலமாரியில அவங்க வெத்திலைப் பெட்டி இருந்துச்சு. எடுக்க வந்து வாசல்லயே நிப்பாங்க. உள்ளே வாங்க மாமின்னு நான் ஒரு நாளும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

இத்தனை வருஷத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு அவரை நினைத்தும் பாவமாக இருந்தது, உம்மாவை நினைத்தும் பாவமாக இருந்தது.

“தம்பி, லைன்ல இருக்கியா?” என்றார் போனைப் பார்த்து. “சுவரைப் பள்ளிவாசல் பக்கமே திருப்பு. மாப்பிள்ளை ரூம் குறைஞ்சாக் குறையட்டும். வர்ற பையன் பந்து விளையாட பீச்சுக்குப் போவான்.”

“சரி காக்கா. அப்ப தெக்கு ரூம் முழுசா வந்துடும். கதவு எந்தப் பக்கம் வைக்கட்டும்?”

“என்கிட்ட எதுக்குக் கேக்குறே? அவ ரூமு. அவகிட்டயே கேளு.” போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கதவு எங்கே வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதே இல்லை. இஞ்சினியர் இரண்டு தடவை ஹலோ என்றான்.

“கதவு எந்தப் பக்கம் வேணும்னாலும் இருக்கட்டும் தம்பி,” என்றேன். “தாழ்ப்பாள் மட்டும் உள்பக்கம் வேணும்.”

“அப்ப நான் வந்தா?” என்றார் இவர்.

“தட்டுங்க. யாருன்னு கேட்டுட்டுத் திறக்குறேன்.”