சூளைக்கு முறை உண்டு... காற்றுக்கு?

போன செவ்வாய்க்கிழமை காலை. பொதுச் சூளையின் வாசலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மண்டைக்குள் பல்பு எரிந்தது.

எங்கள் விருத்தாசலத்தில் சின்னச் சின்ன பீங்கான் யூனிட்காரர்கள் பலருக்குச் சொந்தச் சூளை கிடையாது. ஒரே சூளை, முறை வைத்துக்கொள்வார்கள். சுடவேண்டிய சாமான் அடுக்கிய வண்டிகளில் யாருடையது எப்போது உள்ளே போகும் என்பது பக்கத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும்.

அன்று இன்சுலேட்டர் செய்கிற ராமலிங்கம் அண்ணன் முறை. அவரோ பலகையில் தன் பெயரைத் துண்டால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"ஸ்டெல்லாம்மா, உன் பொம்மை வண்டி முதல்ல போவட்டும். என்னுது நாளைக்குப் போனா போதும்."

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இதே இரண்டு பேரும் அரை மணி நேரத்துக்கு முன்புதான் என்னை நடுவில் நிறுத்திவைத்துச் சண்டை போட்டிருந்தார்கள் — வை-ஃபைக்காக!

ஸ்டெல்லா அக்கா கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்கிறவர். கேரளத்துக் கடைக்காரர் ஒருவர் முதன்முறையாகப் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: வெப்கேமில் பார்ப்பார், நிறம் பிடிக்கவில்லையென்றால் அங்கேயே மாற்றிக் காட்ட வேண்டும். பெயிண்ட் அடிக்கிற ஷெட் பின்கட்டில். இன்டர்நெட் வருகிற போன் லைன் முன்னறையில். நடுவில் ஒயர் இழுத்தால் தள்ளுவண்டி ஏறி நசுக்கிவிடும். ஆகவே வை-ஃபை.

முந்தின நாள் திங்கட்கிழமை காட்டினார்கள்.

"மாதா முகம் கட்டம் கட்டமாத் தெரியுதாம். குழந்தை ஏசு வரவே இல்லியாம்" என்று சண்டையை ஆரம்பித்தார் அக்கா. "சனிக்கிழமை பதினோரு மணிக்கு இன்னொருக்கா பாக்கறேன், அதோட சரின்னுட்டாரு. இந்த ஆர்டர நம்பி ஆறு பொம்பளைங்கள வேலைக்குச் சேத்திருக்கேன். எல்லாம் பக்கத்து யூனிட் ஆன்டெனா பண்ற வேல!"

"ஏம்மா, உன் ஆன்டெனா மட்டும் சும்மாவா இருக்குது? நான் ஒரு மெயில் தொறந்து வெச்சிட்டு, டீ குடிச்சிட்டே வந்துடறேன். அப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்குது!" என்றார் அண்ணன்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு ஆன்டெனாக்களையும் மாட்டியவன் நான். 'சிக்னல் வீக்கா? பவரை ஏற்றுங்கள்!' என்று இதே கம்ப்யூட்டர் பத்தியில் எழுதியவனும் நானே. முதலில் அண்ணன் கேட்டார், மாட்டினேன். அடுத்த வாரம் அக்கா அதைவிடப் பெரிதாகக் கேட்டார்... மாட்டினேன். ஒரே தெருவில் இரண்டு கோயில் திருவிழா, இரண்டு கோயிலிலும் ஸ்பீக்கர். எந்தப் பாட்டு காதில் விழும்?

சூளை வாசலிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். அந்த வரிசையில் நாலு யூனிட், நாலு வை-ஃபை பெட்டி. நாலும் ஆறாம் நம்பர் சானலில், அதாவது காற்றில் ஒரே பாதையில்! கடையிலிருந்து வரும்போது எப்படி இருந்ததோ அப்படியே... யாரும் தொடவில்லை. ஒன்று, ஆறு, பதினொன்று — இந்த மூன்று சானல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. இது எனக்குப் பாடத்திலேயே வந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆன்டெனா மாட்டும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை!

"ஏண்ணே, சூளைய விட்டுக் குடுக்கறீங்க. காத்த விட்டுக் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

அண்ணன் சூளையைக் காட்டினார். "சூளைக்குள்ள அந்தம்மா வண்டி நிக்கறது கண்ணுக்குத் தெரியுது தம்பி. இது எங்க தெரியுது?"

சுளீரென்று பட்டது. இவர்கள் சண்டைக்காரர்களே இல்லை. ஒரே பொருளைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே இவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நான் சொல்லவில்லை.

சாக்பீஸை எடுத்தேன். சூளை முறைக்குக் கீழேயே எழுதினேன்: ஸ்டெல்லா 1. ராமலிங்கம் 11. மற்ற இருவர் 6. நாலு பெட்டியிலும் சானலைச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நம்பர மாத்திக்கோ. ஆன்டெனாவுல கை வெக்காத" என்றார் அண்ணன். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

சனிக்கிழமை காலை அக்காவின் ஷெட்டில் ஆறு பெண்களும் பிரஷ்ஷும் பெயிண்ட்டுமாகத் தயாராக நின்றார்கள். பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லேப்டாப்பில் அண்ணனின் சிக்னலைக் காணோம்! பதறிப்போய் அவர் யூனிட்டுக்கு ஓடினேன். பெட்டியின் பிளக்கைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா வண்டி போயிட்டு வரட்டும்பா. அப்புறம் போட்டுக்கறேன்."

மாதா முகம் தெளிவாகத் தெரிந்தது. குழந்தை ஏசுவும் வந்தார். கழுதையின் காதை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கச் சொன்னார் கடைக்காரர். ஆக்கினார்கள். ஆர்டர் உறுதி!

நம்பர் பிரிந்தாலும் அவ்வளவு பெரிய ஆன்டெனா பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் இடிக்கும்தான்; அதற்காகத் தினமும் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்க முடியுமா? அதற்குள் கேட் ஓரத்து கப்-சாசர் யூனிட்காரர் வேறு வந்துவிட்டார். "அவங்க ரெண்டு பேருக்கும் தனி நம்பரு. எனக்கு மட்டும் பக்கத்து யூனிட்டோட பங்கா?"

நியாயமான கேள்வி. சானல் மூன்று, ஆள் நாலு. வரிசையின் இந்தக் கோடியில் ராமலிங்கம் அண்ணன், அந்தக் கோடியில் இவர். பெரிய ஆன்டெனாவைக் கழற்றிப் பவரைக் குறைத்தால், இருவரும் ஒரே பதினொன்றை இடிக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று என் கணக்கு. பலிக்குமா... பார்த்துவிட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை போகிறேன். இந்த முறை சாக்பீஸோடு, மாட்டிய ஆன்டெனாக்களைக் கழற்ற ஒரு ஸ்பேனரும்.