கானில் போட்ட மூட்டைகள்

மாத்தளை டவுனின் மழைத்தண்ணீரில் பாதி எங்கள் ஒழுங்கைத் தெருவின் ஓரத்துச் சாக்கடைக் கான் வழியாகத்தான் இறங்கும். கீழே ரோட்டைத் தாண்டினால் சதுப்பு நிலம். அதன் ஒரு மூலையில் என் அக்கா கங்குன் கீரை போட்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், பிள்ளைகள் வேறு. கீரையை அறுத்து, கட்டுக் கட்டி, சந்தைக்குக் கொண்டுபோவாள். அதில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

எனக்கு மகள் பிறந்ததும் வீட்டில் அவளுக்குக் கட்டிக் கழற்றிய அழுக்குப் பம்பஸ் குவிந்தது. குப்பை லொறி சந்தியோடு திரும்பிவிடும். எரித்துவிடலாம் என்றேன். மனைவி குதித்தாள்.

“புள்ள வெளிக்கு இருந்ததுல நெருப்பு வச்சா புள்ளைக்கு மேலெல்லாம் கொப்பளிக்குங்க. தண்ணியில விட்டா ஒன்னும் ஆகாது.”

எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதே பேச்சுத்தான். நானும் நம்பினேன். இல்லை, அது பொய். நாற்றத்தைச் சந்திவரை தூக்கிப் போகச் சோம்பல், அவ்வளவுதான். மழை பிடிக்கும் நேரம் பார்த்து மூட்டையைக் கானில் வீசினேன். வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் கொட்டிய மழையில் ரோட்டுக்கு அடியில் போகும் கொங்கிறீட் குழாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் ரோட்டுக்கு மேலால் ஏறியது. கராஜ்களின் கழிவு ஒயில், கோழி இறகு, சோற்றுப் பார்சல் என்று மேலே இருந்த அத்தனையையும் கொண்டுவந்து அக்காவின் பாத்தியில் கொட்டியது.

மறுநாள் காலை நானும் அக்காவும் குழாய்க்குள் மம்பட்டியைவிட்டு இழுத்தோம். வந்ததெல்லாம் பம்பஸ். தண்ணீர் குடித்து ஊதி, ஒவ்வொன்றும் செத்த நாய்க்குட்டி கனம். அக்கா வாய் கட்டிய ஒரு சொப்பின் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது ஒன் பொண்டாட்டி போடுற முடிச்சுடா.”

“என் வீடு மட்டுமாக்கா போடுது? ஒழுங்கையே போடுது.”

“ஒழுங்கையில உள்ளவன் எல்லாம் எனக்குத் தம்பியாடா?”

செருப்பால் அடித்திருந்தால் தேவலை. குழாய்க்குள் குனிந்துகொண்டேன்.

குழாய் திறந்ததும் பாத்தியில் தண்ணீர் வடிந்தது. இலையெல்லாம் ஒயில் பிசுக்கு. அக்கா சேற்றில் இறங்கிக் கத்தியை எடுத்தாள்.

“என்னக்கா செய்றே?”

“அறுக்கிறேன். நாளைக்கு விட்டா அழுகிப் போயிரும்.”

“இத ஆளுங்க திம்பாங்களாக்கா? வேணாம்.”

“அப்ப ஒன் வீட்டுல எனக்கும் புள்ளைங்களுக்கும் ஒல வைக்கச் சொல்லு. எத்தன நாளைக்கு வைப்பா? சொல்லு.”

எங்கள் வீட்டு அரிசி எங்களுக்கே காணாது. அது அவளுக்கும் தெரியும். நானும் சேற்றில் இறங்கினேன்.

பீலித் தண்ணீர் விழும் இடத்தில் கீரையைத் துணி துவைக்கும் சவுக்காரத் தூள் போட்டு அலசினோம். ஒயில் போனது. இலை பளபளத்தது. கூடையை நான்தான் சந்தைக்குச் சுமந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி கட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“நேத்து மழைக்கு எல்லாக் கீரையும் சேறு. ஒங்களுது மட்டுந்தான் சுத்தமா இருக்கு.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனாள்.