பேசலாம் என்று சொன்ன வீடு

"ரெண்டு வருசமாப் பேசலாம், பேசலாம் எண்டனீங்கள். இண்டைக்கு நான் பேசுறன். நிண்டு கேளுங்கோ!"

லண்டன் ஆர்ச்வேயில், சுலோச்சனா வீட்டுக் குசினியில், கையில் பால் போத்தலோடு சிவனேஸ்வரி கத்தியது இது. 1989, மார்ச் மாதம். சுலோச்சனா சென்னைக்காரி, கண் டாக்டர். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் காலை ஏழு தொடக்கம் மாலை ஏழு வரை சிவனேஸ்வரி பார்த்தாள். வாரச் சம்பளம், கிழமைக்கு நாற்பது பவுண். ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்துபோகும் ரயில் காசும் அதற்குள்ளேதான்.

இலங்கைத் தமிழரான எங்களுக்குக் கதைப்பது வேறு, பேசுவது வேறு. பேசுவது என்றால் ஏசுவது. சென்னைக்காரருக்குப் பேசுவதுதான் கதைப்பது. "சம்பளத்தைப் பற்றிக் கதைக்கோணும்" என்று சிவனேஸ்வரி முதல்தரம் கேட்டபோது சுலோச்சனா சிரித்தாள்.

"என்னக்கா, கதை சொல்லப் போறீங்களா? சாயங்காலம் பேசலாம்."

என்ன பிழை விட்டேன், எதற்கு ஏசப் போகிறாள் என்று இவள் அன்று முழுக்கப் பயந்திருக்கிறாள். நானும் அப்போது ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். முருகன் கோயிலில் வைத்து நான்தான் விளங்கப்படுத்தினேன்.

"அவள் ஏசப் போறன் எண்டு சொல்லேல்லையடி. ஒண்டும் தரப் போறேல்லை எண்டு சொல்லுறாள்."

சிவனேஸ்வரிக்குத் தேவைப்பட்டது ஒரு அறை. தமையன் கணேசலிங்கத்தின் வீட்டு சோபாவில் படுத்தாள். கடைசி ஆள் டி.வி.யை நிறுத்தும்வரை கண்ணை மூட முடியாது. அவளுடைய பெட்டியை அந்த வீட்டில் எல்லாரும் கிண்டுவார்கள், அண்ணிக்காரி முதலாக. அதே தெருவில் ஒரு அறை காலியாக இருந்தது, கிழமைக்கு முப்பது பவுண். நாற்பதில் முப்பது போனால் மிச்சம் ரயிலுக்கே போதாது.

கத்திய அன்று காலை மறுபடி கேட்டாள். சுலோச்சனா உள்ளே போய் ஒரு பழைய கோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு பொத்தான் இல்லை.

"இத வச்சுக்கங்கக்கா. நீங்க நம்ம வீட்டு மனுஷி. நமக்குள்ள காசுக் கணக்கா?"

அதற்குத்தான் அந்தப் பேச்சு. பேசி முடித்ததும் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு வெளியேறினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. விடு என்று நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் பிள்ளை பார்க்கும் பெண்களை எல்லாம் மறித்தாள்.

"அந்த வீட்டுக்கு எண்பது. ரயில் காசு வேற. ஒரு பென்ஸ் குறைச்சவள் என்ர முகத்தில முழிக்கப்படாது."

அடுத்த வெள்ளி சுலோச்சனா பட்டுச்சேலையோடு ஆள் தேடி வந்தாள். கலாவதியைக் கேட்டாள். எண்பது. தவமலரைக் கேட்டாள். எண்பது. தவமலர் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தவள். பிள்ளை பார்க்கிறவளே இல்லை. கேட்டதற்காகவே சொன்னாள். கடைசியாகச் சுலோச்சனா என்னிடம் வந்தாள்.

"எண்பது," என்றேன்.

"கொஞ்சம் பேசலாமேம்மா?"

"பேசுவன். தாங்கமாட்டாய், பிள்ளை."

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஐயர் மணியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சுலோச்சனா மூன்று கிழமை சம்பளமில்லாத லீவில் வீட்டில் இருந்து பிள்ளைகளைத் தானே பார்த்தாள். நாலாவது வெள்ளி, முகம் வீங்கி, சிவனேஸ்வரியின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, எண்பது தரேன். ரயில் காசும் தரேன். வாங்க."

"எனக்குத் தொண்ணூறு."

"எல்லாரும் எண்பதுன்னுதானே சொன்னாங்க?"

"அது மற்றவைக்கு. மிச்சப் பத்தும் கோட்டுக்கு. இன்னொண்டு, இனி அக்கா எண்டு கூப்பிடாதேங்கோ. என்ர பேர் சிவனேஸ்வரி."

சுலோச்சனா தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அது நன்றாகவே இருந்தது. பாவம் என்று நினைக்கிறவர்கள் போய் அவளுக்கு நாற்பது பவுணுக்கு வேலை செய்யட்டும்.

சிவனேஸ்வரி அந்த அறையை எடுத்தாள். முதல் சம்பளத்தோடு ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் போனாள். சேலைக்கடையைக் கடந்தாள், நகைக்கடையையும் கடந்தாள், சாமான்கடையில் நுழைந்து தன் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கினாள். அதைத் திறக்க இரண்டு திறப்பு. இரண்டையும் தானே வைத்துக்கொண்டாள். விலை நான்கு பவுண் தொண்ணூற்றொன்பது பென்ஸ்.