வற்றிய கிணற்றுக்குள் கேட்ட கேள்வி

"3.8.1997, ஞாயிறு, ஆடி அமாவாசை. வடக்குத் தோட்டத்துக் கிணற்றில் லாரித் தண்ணீர் விட்டுச் சோதனை. தண்ணீர் தேங்கவில்லை. உள்ளிருந்து ஆண் குரல்: 'ஏனுங்க, தண்ணி வருதுங்களா?' எட்டிப் பார்த்தோம். கிணற்றில் ஆள் இல்லை."

என் நாட்குறிப்பில் அந்தத் தேதியின் கீழ் இருப்பது இவ்வளவுதான். நடந்ததைத் தேதியோடு எழுதி வைப்பது என் பழைய பழக்கம். ஆனால் இந்தக் குறிப்பைப் போல நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த பக்கம் வேறு இல்லை.

அப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து மேற்கே தள்ளி, மலை நன்றாகத் தெரியும் ஓர் இடத்தில், கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகப் பெரிய குடியிருப்பு கட்ட ஒரு நிறுவனம் தோட்டங்களை வாங்கியிருந்தது. அந்த இடத்தில் கட்டினால் தண்ணீருக்கும் காற்றுக்கும் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் என்ன ஆகும் என்று ஓர் அறிக்கை வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் கேட்டிருந்தார்கள். அன்று இது புதிய சங்கதி. எங்கள் கல்லூரியிலேயே வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு, "நீங்கதான் ஊர்க் கதையெல்லாம் தோண்டறவங்களாச்சே மேடம், கிணறு குட்டை கணக்கு உங்க பொறுப்பு" என்று என்னையும் இழுத்துவிட்டார்.

வடக்குத் தோட்டத்தில் வற்றிப்போன ஆழக் கிணறு ஒன்று இருந்தது. சதுரமாகப் பாறையை வெட்டி இறக்கிய கிணறு. ஒரு பக்கம் கல் படிகள், அடியில் சரளையும் காய்ந்த புல்லும், சுவரெங்கும் புறாக்கள். குடியிருப்பின் கழிவுநீர் முழுவதையும் அந்தக் கிணற்றில் விட்டுவிடுவது என்பது கட்டடக்காரர்களின் திட்டம். கிணறு தண்ணீரை எவ்வளவு வேகமாக உள்வாங்குகிறது என்று பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை லாரியை வரவழைத்தோம்.

நல்ல வெயில். பொறியாளர் தள்ளி, ஜீப்பின் நிழலில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். கிணற்று மேட்டில் நானும் லாரிக்காரரும் மட்டும். குழாயை உள்ளே விட்டுத் திறந்ததும் புறாக்கள் ஒரே வீச்சில் எழுந்து போயின. அதன் பிறகு தண்ணீர் விழும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஆடிக் காற்றுகூட அந்த நேரம் நின்றுபோயிருந்தது. தண்ணீர் சரளையில் விழுந்து ஒரு மூலையை நோக்கி ஓடி, அங்கே புல்லுக்கு அடியில் மறைந்தது.

லாரி பாதி காலியாகியிருக்கும். கீழேயிருந்து, வெகு சாதாரணமாக, ஓர் ஆண் குரல் கேட்டது.

"ஏனுங்க, தண்ணி வருதுங்களா?"

"வருதுங்க!" என்றார் லாரிக்காரர், பழக்க தோஷத்தில். ஊர் ஊராகத் தண்ணீர் ஊற்றுகிறவர். நாள் முழுக்க அவரிடம் கேட்கப்படும் கேள்வி அது. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், கெணத்துக்குள்ளார ஆருங்க?"

இருவரும் எட்டிப் பார்த்தோம். ஈரமான சரளை. ஆளில்லை. குரல் மீண்டும் வரவில்லை. மீதித் தண்ணீரை அவர் விடவில்லை. குழாயைச் சுருட்டிக்கொண்டு, "அமாவாசை அதுவுமா வந்திருக்கக் கூடாதுங்க" என்று முணுமுணுத்தபடி வண்டியை எடுத்தார்.

பொறியாளரிடம் சொன்னபோது சிரித்தார். "மேடம், வெயில் ஏறிப்போச்சு. வாங்க, இளநி குடிக்கலாம்."

எனக்குச் சமாதானமாகவில்லை. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், தென்னைகளுக்கு நடுவே ஒரு வீடும் இன்னொரு கிணறும் இருந்தன. வேலியோரம் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. கட்டுத்தறியில் மாடு மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

அடுத்த வாரம் அந்த வீட்டு அம்மாவைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தனியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று வட்டாரத்தில் வற்றாத கிணறு அவருடையது ஒன்றுதான். பக்கத்தில் குடியிருந்த தறிக்காரக் குடும்பங்களும் அங்கேதான் குடிதண்ணீர் எடுத்தன. வற்றிய கிணறு அவருடைய கொழுந்தனாருடையது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஆளுக்கொரு கிணறு. தம்பியின் கிணறு வற்றியது. எவ்வளவோ பாடுபட்டுப் பார்த்து, கடைசியில் அவர் பூமியை விற்றுவிட்டு மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா?" என்று சிரித்த முகமாகத்தான் வரவேற்றார்.

அமாவாசையன்று யாரும் இல்லையே என்றேன். "கொடுமுடிக்குப் போயிட்டனுங்க. எங்கூட்டுக்காரருக்குத் திதி. இருட்டோட போய் இருட்டோடதான் வந்தேன்."

"தோட்டத்தில் ஆண்கள் யாராவது இருந்தார்களா? அந்தக் கிணற்றுக்குள் பேச்சுக் குரல் கேட்டது."

மோர்ச் சொம்பை நீட்டிய கை அப்படியே நின்றது. "ஆம்பளக் கொரலுங்களா?"

"ஆமாம்."

"வெயிலுங்க அம்மணி. காதடைச்சிருக்கும்." சொம்பைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தார். பிறகு, எதையோ மறைக்கிறவர் மாதிரி அவசரமாக, "ஏனுங்க, அந்தக் கெணத்த என்னதான் பண்ணப் போறாங்க?" என்று கேட்டார்.

பொறியாளர் சொன்னார். அத்தனை வீடுகள், கடைகள், ஓட்டல் ஒன்று, எல்லாவற்றின் கழிவும் அதற்குள் போகும். அந்த அம்மா திரும்பித் தன் கிணற்றைப் பார்த்தார். நாங்கள் கிளம்பும்போதும் தன் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு நாள் முற்பகல், வற்றிய கிணற்றருகே சாமியானா போட்டு ஒரு கூட்டம். கடன் கொடுப்பவர்களின் அதிகாரி, கட்டடக்காரர்கள், தறிக்காரர்கள், அக்கம்பக்கத்து விவசாயிகள். கொழுந்தனாரும் வந்திருந்தார்; அவருக்கு வரவேண்டிய கடைசித் தவணை இந்த அறிக்கையை நம்பி இருந்தது. அந்த அம்மா எழுந்து, கழிவை அங்கே விட்டால் தன் கிணறு கெட்டுப்போகும் என்றார்.

"நடுவில் இருப்பது முழுப் பாறைங்க. தண்ணீர் கீழேதான் போகும், பக்கவாட்டில் போகாது," என்றார் பொறியாளர். அவர் சொன்னது பாறையைப் பொறுத்தவரை சரிதான்.

கொழுந்தனார் உரக்கச் சிரித்தார். "என்ற கெணத்துல தண்ணி இருந்தப்பவும் எங்கண்ணிக்குக் கண்ணு. இப்பச் சாக்கடை வரப்போகுதுன்னாலும் கண்ணு. நான் வித்துப் பொழைக்கறது பொறுக்கலீங்க, வேறொண்ணுமில்ல."

கூட்டம் சிரித்தது. அந்த அம்மா வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு தன் தோட்டத்துக்குப் போய்விட்டார். "பாத்தீங்களா, பதிலில்ல," என்றார் கொழுந்தனார்.

அதிகாரி கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் மேட்டில் கூடினோம். பொறியாளர் பாறைச் சுவரைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். புறாக்கள் மறுபடியும் ஒரே வீச்சில் எழுந்தன. இந்த முறை தண்ணீர் எதுவும் விழவில்லை.

"தம்பி."

பேச்சு நின்றது. தறிக்காரப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நாந்தான். அண்ணி பேசறேன். பயப்படாதீங்க. என்ற கெணத்துப் படியில நின்னுதான் பேசறேன்."

குரல் கிணற்றின் அடி மூலையிலிருந்து, புல்லுக்கு உள்ளேயிருந்து வந்தது. அடுத்த தோட்டத்தில் நிற்கிறவரின் குரல் என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் காதுக்கு, பாறையே வாய் திறந்தது போலத்தான் இருந்தது.

"உங்கண்ணன் போட்ட சைடு போர் உங்க கெணத்துக்குள்ளாறதான் வந்து தொறந்துச்சு."

எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குள் இறங்கி, பாறைச் சுவரில் படுக்கைவாட்டில் நீளமாகத் துளை போடுவார்கள். ஊற்றுக்கண்ணைத் தேடிப் போடுவது. பக்கத்துக்காரரின் பூமிக்கு அடியில் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது.

"அன்னைக்குத் தண்ணி பீச்சியடிச்சுது தம்பி. உங்க தண்ணின்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. வாயத் தொறக்கல. உங்க கெணத்துக்கு ராசி இல்லீன்னு ஊரே சொன்னப்பவும் நான் வாயத் தொறக்கல. இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா இங்க இத்தன ஊட்டுக் கொழந்தைக இதத்தான் குடிக்குது." சற்று நின்று, "கேக்குதுங்களா?" என்றது குரல்.

யாரும் கொழுந்தனாரைப் பார்க்கத் துணியவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கினார். அடிவரை போய், அந்த மூலையில் புல்லை விலக்கினார். கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கேக்குதுங்க அண்ணி," என்றார். பிறகு துளையருகே குனிந்து, "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பூமிய வித்திருப்பனா?"

மூச்சு மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அது அழுகையா, துளை வழியே வந்த காற்றா, மேலே நின்ற எங்களுக்குத் தெரியவில்லை.

மேலே ஏறி வந்தவர் யாரிடமும் பேசாமல் வேலியைத் தாண்டி அண்ணி வீட்டு வாசலுக்குப் போனார். நாங்கள் சிலர் பின்னாலேயே போனோம், அடிதடி ஆகிவிடுமோ என்ற பயத்தில். ஈரக் காலோடு கிணற்றிலிருந்து வந்து நின்ற அந்த அம்மாவிடம், "தண்ணி குடுங்க," என்றார். கொடுத்தார். அண்ணாந்து, சொம்பு காலியாகும்வரை குடித்தார்.

"ருசி மாறலீங்க. என்ற தண்ணிதான்."

அது மன்னிப்பா, சாட்டையடியா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். சொம்பைத் திரும்ப வாங்கும்போது அவர் தலை நிமிரவே இல்லை.

அறிக்கை மாறியது. பொறியாளர் கௌரவம் பார்க்காமல் முதல் பக்கத்திலேயே இரண்டு கிணறுகளின் தொடர்பை எழுதினார். துளையின் இரு வாயையும் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். கழிவுநீருக்கு மனையின் மறுகோடியில் தனித் தொட்டி கட்டினார்கள். வற்றிய கிணறு மூடப்பட்டது. பூமி மட்டும் தம்பிக்குத் திரும்ப வரவில்லை. அதற்குக் காலம் கடந்துபோயிருந்தது.

கடைசியாகப் போனபோது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மணி, அன்னைக்கு அந்தக் கொரலு எப்புடி இருந்துச்சு? கோவமாவா?"

"இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டது. பதில் தெரிய வேண்டும் என்பது போல."

"லாரிக்காரரு பதில் சொல்லிப்போட்டாருங்களா?"

"சொன்னார். வருதுங்க என்றார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "எங்கூட்டுக்காரருக்கு அது போதுமுங்க," என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

நான் விசாரிக்காமல் விடவில்லை. அந்த அம்மாவின் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்கிறவரைக் கேட்டேன். அன்று அவர் தன் சொந்த ஊரில் இருந்ததாகச் சொன்னார். தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் அமாவாசையன்று வீடு பூட்டியிருந்ததால் யாரும் தோட்டத்துக்குள் போகவில்லை என்றார்கள். நாங்கள் ஊற்றிய தண்ணீர் துளை வழியே அந்தப் பக்கம் கொட்டியிருக்கும்; அதைப் பார்த்த யாரோ ஒருவர் படியிறங்கி நின்று கேட்டிருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால் இன்றும் எந்த மனையைப் பார்க்கப் போனாலும், பேசுவதற்கு முன் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். 3.8.1997 குறிப்புக்கு எதிரே பின்னர் பென்சிலால் எழுதிய "உறுதிசெய்யப்படவில்லை" என்ற சொல்லை நான் அழிக்கவில்லை.