வெந்நீர் ஊற்றுக்குப் பதினெட்டுப் பேர்

பயண முகவர் செத்துச் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்கே யாராவது அவரிடம் யன்னலோர இருக்கை கேட்பார்கள்.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் காட்டிச் சீரழிந்த சகபாடிகளே, என் கோபத்தைக் கேளுங்கள். ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து பதினெட்டுத் தமிழரை ஜப்பானிய மலையூர் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். வெந்நீர் ஊற்றில் குளிப்பதற்கென்றே உள்ள ஊர். ஒரேயொரு பழைய விடுதிதான் எங்களை ஏற்றது. ஒழுங்காக நடந்தால் ஆண்டுதோறும் வரலாம். இல்லையேல் இதுவே கடைசி.

விதிகள்

புறப்படுமுன் எல்லோருக்கும் டெர்மின் வைத்து, அதாவது நாளும் நேரமும் குறித்துக் கூப்பிட்டு, ஏழு விதிகளை இரண்டு அடிக்குறிப்புகளுடன் அச்சடித்துக் கொடுத்தேன். உடுப்பில்லாமல் இறங்க வேண்டும். முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரில் எதுவும் கலக்கக் கூடாது. கூட்டத்தில் மூத்தவரான சிவலிங்கம் அண்ணை ஓர் எழுத்தும் பாராமல் கையெழுத்து வைத்தார். வாசியுங்கோ என்று பல்லைக் கடித்தேன்.

"வாசிச்சால் பயம் வரும் தம்பி. பிறகு பயணம் சந்தோசமாயிராது."

சாரம்

ஆண்கள் தொட்டியில் நான் பிறந்தமேனியாய்க் கழுத்தளவு நீரில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் ஒன்பது பேரும் இடுப்பில் சாரம் கட்டியபடி படியில் நிற்கிறார்கள். பக்கத்திலிருந்த ஜப்பானியக் கிழவர் எழும்பிப் போய்விட்டார். "முப்பது வருசமாய் ஜெர்மன்காரனோடை சவுனா வெக்கையிலை அம்மணமாய் இருக்கிறியள், அங்கை சாரமோ கட்டுறியள்?" என்று கத்தினேன். அண்ணைதான் பதில் சொன்னார்.

"ஜெர்மன்காரன் எங்கடை கலியாணவீட்டுக்கு வரமாட்டான். உம்மை அடுத்த மாசம் பந்தியிலை பார்க்கோணுமெல்லே."

விடுதிக்கார அம்மா அன்றைக்கு மன்னித்தார்.

சனி முழுக்கு

சனிக்கிழமை காலை அண்ணை உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் அப்பி, அரை மணி ஊறி, அப்படியே தொட்டியில் இறங்கிவிட்டார். போத்தல் எசனிலிருந்து சூட்கேசில் வந்தது. சனி முழுக்கைத் தவறவிடாத மனிதருக்கு அவ்வளவு வெந்நீர் வேறு எதற்காம்? தொட்டி முழுக்கப் பளபளவென்று எண்ணெய்ப் படலம். விடுதி ஆட்கள் நீரை வடித்துப் பலகைகளை நாள் முழுக்கத் தேய்த்தார்கள். நானும் முழங்காலிட்டுத் தேய்த்தேன். அந்த அம்மா ஒரு சொல்லும் திட்டவில்லை. இடுப்பு வளையக் குனிந்து எனக்கு வணக்கம் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நேரே போய் அண்ணையின் மேல் பாய்ந்தேன்.

"என்ன தம்பி, ஒலிவ் எண்ணெயே பூசினனான்? சுத்தமான நல்லெண்ணெய்!"

கடிதம்

எசன் திரும்பி இரண்டு கிழமையில் விடுதியிலிருந்து கடிதம் வந்தது. மிக மரியாதையாக: அடுத்த ஆண்டு அறைகள் நிரம்பிவிட்டன, அதற்கடுத்த ஆண்டும் அப்படியே, பிறகும் அப்படித்தான். கடிதத்தோடு அண்ணை வீட்டுக்கே போய், என் பிழைப்பில் மண் போட்டுவிட்டீர்கள் என்று நின்றேன். அவர் ஆறுதலாகத் தலையாட்டினார்.

"நல்ல மரியாதையான சனம். அப்ப வேறை ஊர் ஒண்டு பாருமன், தண்ணி இதைவிடக் கொஞ்சம் சூடாய்."

எரிமலை இருக்கும் இடத்தில் பெரும்பாலும் வெந்நீர் ஊற்றும் இருக்கும் என்கிறது புவியியல். அந்தக் கணக்கில் என் அலுவலக நாற்காலிக்கு அடியில் தோண்டினால் ஒன்று நிச்சயம் கிடைக்கும்.